ரோகுவுக்கு இரைப்பையே இல்லையே
மீன் தீவனத்தைக் குடுவையில் சோதிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அமிலத்தில் பெப்சின் (இரைப்பையில் சுரக்கும் செரிமான நொதி) கலந்து, அதில் தீவனத்தைப் போட்டு 37 டிகிரியில் வைத்தால் எந்தத் தீவனம் எவ்வளவு செரிக்கும் என்று தெரிந்துவிடும் என்கிறது அது. எந்த மீனுக்கு? காரைக்குடிப் பக்கம் கண்மாய்களில் நாங்கள் விடும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இரைப்பையே கிடையாது. தீவனம் நேரே குடலுக்குப் போகிறது, அங்கே வேலை செய்பவை டிரிப்சின் போன்ற நொதிகள். அமிலக் கட்டம் திலேப்பியாவுக்கு வேண்டுமானால் பொருந்தும். சூடும் அப்படித்தான்: 37 டிகிரி மனித உடம்பின் கணக்கு, மீனின் உடம்போ தண்ணீரோடு மாறும். மார்கழிக் காலையில் எங்கள் கண்மாய் அந்தச் சூட்டில் இருந்தால் நானே குளிக்க இறங்கியிருப்பேன்! இன்னொன்று, கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் அப்படியே வீசிய காலத்தில் பாதி தண்ணீரிலேயே கரைந்து போனது. ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் வீணாவது குறைந்தது. மீன் வாய்க்கே போகாத அந்தப் பாதியைக் குடுவைச் சோதனை கணக்கில் எடுப்பதில்லை.