ஜாஸ் கச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்

நேரில் கேட்ட ஜாஸ் கச்சேரிகளைப் பற்றி நண்பர்கள் எழுதும் பதிவுகளை நான் ஆசையோடு தேடிப் படிக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை வாசிக்கப்பட்ட பாடல்களின் பட்டியலோடும் கலைஞர் பெற்ற விருதுகளோடும் முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஜாஸில் பாடலின் பெயர் சொல்லும் செய்தி மிகக் குறைவு. 12 பார் (தாள அளவு) அல்லது 32 பார் கொண்ட ஒரு சுற்றை முதலில் மெட்டாக வாசித்துவிட்டு, அதே கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையின் மேல் ஒவ்வொருவரும் தம் மனோதர்மத்தை விரிப்பதால், ஒரே பாடல் இரண்டு இரவுகளில் இரண்டு விதமாக அமைகிறது. ட்ரம்ஸ் கலைஞர் எந்த இடத்தில் மென்மையாக வருடும் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் குச்சிகளை எடுத்தார், பியானோ எப்போது ஒதுங்கி சாக்சபோனை, பாஸ் என்னும் தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியத்துடனும் ட்ரம்ஸுடனும் தனியே விட்டது, அந்த வெற்றிடத்தில் சாக்சபோன் என்ன செய்தது என்பவைதாம் அந்த இரவுக்கே உரிய செய்திகள். வாசகனாக நான் எதிர்பார்ப்பதும் அவற்றையே.

நியூயார்க்கில் மேக்ஸ் கார்டன் 1935இல் தொடங்கிய வில்லேஜ் வேன்கார்டு, 123 பேர் மட்டுமே அமரக்கூடிய நிலவறை அரங்கம். 1966 முதல் திங்கட்கிழமைதோறும் ஒரு பெரிய இசைக்குழு அந்தச் சிறிய மேடையில் நெருக்கியடித்து அமர்ந்து வாசித்துவருகிறது. நிகழ்ச்சியின்போது பார்வையாளர்கள் படம் எடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ அங்கே அனுமதி இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி, ஏனெனில் அது நம்மைக் கேட்க வைக்கிறது. சாக்சபோன் வரிசைக்கு அருகில் அமர்ந்தால், ஒரு இசைத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையில் கலைஞர் மூச்சை இழுப்பதுகூடக் காதில் விழும்.

அதே அரங்கத்தில் 1961 ஜூன் 25 அன்று பியானோ கலைஞர் பில் எவன்ஸ், பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸ் கலைஞர் பால் மோஷன் ஆகிய மூவரும் வாசித்தது பதிவானது. கண்ணாடிக் கோப்பைகளின் ஒலியும் பேச்சுக் குரல்களும் அந்தப் பதிவில் கேட்கின்றன. பியானோவின் பின்னால் தாளம் காத்து நிற்காமல், அதனோடு சரிநிகராக உரையாடிய லஃபாரோ, 11 நாட்களுக்குப் பிறகு கார் விபத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது 25. அவர் விரல்கள் எழுப்பிய ஒலியை ஒலிநாடா காத்துத் தந்திருக்கிறது. மூவரில் யார் யாரைப் பார்த்துத் திசை மாறினார்கள் என்பதை, அன்று அங்கிருந்த ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் நாம் அறிய முடியும்.

அவசரத் தீர்ப்பு செய்யும் கேடும் உண்டு. ஹாலிவுட் கிளப் ஒன்றில் சாக்சபோன் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேனையும் எரிக் டால்ஃபியையும் கேட்ட விமர்சகர் ஜான் டைனன், அதே 1961 நவம்பரில் டவுன்பீட் என்ற அமெரிக்க ஜாஸ் இதழில் அதை ‘ஜாஸ் எதிர்ப்பு’ என்று எழுதினார். பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த முத்திரை, அன்று ஒலித்ததைப் பற்றிய எல்லா விவரங்களையும் மூடிவிட்டது. 1962 ஏப்ரலில் அதே இதழில் இருவரும் பதிலளித்தபோது, புதிய ஒன்று புரியாவிட்டால் விமர்சகர் கலைஞரிடமே கேட்கலாமே என்றார் டால்ஃபி. நியாயமான யோசனை, சிறிய அரங்குகளில் இடைவேளையின்போது இன்றும் அது எளிதில் நடக்கக்கூடியது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை எழுதும்போது ஒரு சுற்றையாவது நீங்கள் கேட்டபடி விவரியுங்கள். பாஸ் வாசித்தவரின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள்.