நாமே சமைத்துக்கொள்ளலாமாம்!

பார்படாஸில் எடுத்த விடுமுறை வீட்டின் விளம்பரத்தில் ‘எல்லா வசதியும் கொண்ட சமையலறை’ என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒயின் கிளாஸ் 12, வாணலி ஒன்றே ஒன்று. அதற்கும் கைப்பிடி ஆட்டம். கத்தியைத் தக்காளி மேல் வைத்து அழுத்தினால் தோல் குழிகிறதே தவிர வெட்டுப்படவில்லை. நல்லவேளை, ஆய்ஸ்டின்ஸ் சந்தையிலேயே பறக்கும் மீனை முள்ளெடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, சோறாவது வைப்போம் என்று ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போன எலக்ட்ரிக் குக்கரை அடாப்டர் போட்டுச் செருகினேன். அங்கே மின்சாரம் 115 வோல்ட். குக்கருக்கு வேண்டியதோ 230. ஒரு மணி நேரம் கழித்தும் அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிக்கொண்டுதான் இருந்தது! அப்புறம் என்ன, சீஸ் போட்டு அவனில் சுட்ட மக்கரோனியை அங்கே ‘மக்கரோனி பை’ என்கிறார்கள், அதை வாங்கித் தின்றோம்.

கிளம்பும்போது ‘அடுப்பைத் துடைக்கவில்லை’ என்று 50 பார்படாஸ் டாலர், அதாவது 25 அமெரிக்க டாலர், பிடித்துக்கொண்டார்கள். எரியாதா வயிறு?