“அங்க பீரை வெதுவெதுன்னு குடுக்குறாங்க”

இங்கிலாந்து போய்விட்டு வரும் நம்மாட்களில் பாதிப்பேர் இந்தக் குறையைச் சொல்லாமல் இருப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. அது வெதுவெதுப்பு இல்லை. பப்பின் நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்திருக்கிற காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே நொதித்து முடிகிற ஒரு வகை பீர். அதற்கு மேல் குளிரவைத்தால் மணமும் ருசியும் அடங்கிவிடும்.

கள்ளை இறக்கிய இடத்தில் குடிப்பதற்கும் வேறெங்கோ குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே ஏலைப் பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். மிச்ச நொதிப்பு பப்பில்தான் நடக்கிறது. கசடு அடியில் படியும்வரை பீப்பாயை அசைக்கக் கூடாது. திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். ஃபிர்கின் என்று சொல்லும் வழக்கமான பீப்பாயில் 72 பைன்ட் இருக்கும், ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி. அவ்வளவும் காலியாக வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் தினமும் வந்து குடிக்கிற கடையாக இருக்க வேண்டும். நல்ல ஏலுக்குக் காய்ச்சியவர் பாதிக் காரணம், நிலவறையைப் பார்த்துக்கொள்பவர் பாதிக் காரணம்.

இதை நான் புரிந்துகொண்டது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டட்லி பக்கத்தில் நெதர்டன் என்ற சின்ன ஊரில். அங்கே ‘ஓல்டு ஸ்வான்’ என்று ஒரு பப். வெகுகாலம் நடத்திய அம்மாவின் பெயரால் ‘மா பார்டோஸ்’ என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் எனாமல் தகடு பதித்த கூரை, அதன் நடுவில் ஒரு அன்னம். 1970களின் தொடக்கத்தில், தன் கட்டடத்திலேயே பீர் காய்ச்சிய பப்கள் நாடு முழுக்க நான்குதான் மிஞ்சியிருந்தன. அதில் இது ஒன்று. கல்லாவில் நின்ற பெண் ஹேண்ட் பம்ப்பை நிதானமாக இழுத்தார். கிளாஸ் முதலில் கலங்கலாக இருந்தது, அப்புறம் அடியிலிருந்து மெல்லத் தெளிந்துகொண்டே மேலே வந்தது. அது தெளியும்வரை அவர் கிளாஸை என் பக்கம் நகர்த்தவே இல்லை. அந்தப் பொறுமையை நான் மறக்கவில்லை.

இந்த ஏலும் அழிந்திருக்க வேண்டியதுதான். பெரிய கம்பெனிகள் ஈஸ்டை நீக்கி, வாயு ஏற்றி உலோகக் கலனில் அடைத்த கெக் பீரைத் திணித்துக்கொண்டிருந்த காலத்தில், 1971-ல், அயர்லாந்துக்குச் சுற்றுலா போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் பழைய முறை ஏலைக் காப்பாற்ற கேம்ரா என்ற இயக்கத்தை ஆரம்பித்தார்கள். குடிக்கிறவர்களே சேர்ந்து ஒரு பானத்தைக் காப்பாற்றினார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

அதனால் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: எந்த ஊரிலும் ஜில்லென்று கிடைக்கிற லாகர் பீரை அங்கேயும் போய்க் கேட்காதீர்கள். பம்ப்பில் மாட்டியிருக்கும் பெயர்களைப் படித்து, இந்தப் பக்கத்தில் காய்ச்சியது எது என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமென்றால் ஒரு வாய் ருசி பார்க்கத் தருவார்கள். அரை பைன்ட் வாங்கினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். வெயிலில் நடந்து வந்திருந்தால் கசப்பு ஏலான பிட்டர், டட்லி இருக்கிற பிளாக் கன்ட்ரி என்ற பழைய தொழிற்சாலை வட்டாரம் பக்கம் போனால் மைல்ட் என்ற ஏல். மைல்ட் கருப்பாக இருக்கும், பெரும்பாலும் போதை குறைவு, இரும்புப் பட்டறையில் வேர்த்துக் கொட்டியவர்கள் விரும்பிக் குடித்தது.

கிளாஸில் வினிகர் வாடை அடித்தால் தயங்காமல் கல்லாவுக்கே கொண்டுபோங்கள். நல்ல கடையென்றால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார்கள்.