கடலோரத்தில் இருப்பவர்கள் இதையும் பாருங்கள்
லோ-புரொஃபைல் (உயரம் குறைந்த) மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவது பற்றிய பதிவில் விலை, சத்தம், எடை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், உப்புக்காற்று மட்டும் விட்டுப்போச்சு. பாம்பனில் ஜன்னலைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் மேசையே பிசுபிசுக்கும். ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் அரிப்பு பிடித்தால், ஒரு தடவை தட்டியதே இரண்டாக விழும். தமிழ்99 தட்டச்சு முறையில் அது இன்னும் தொல்லை. அதில் 'க'-வை இரண்டு தடவை தட்டினால் 'க்க' ஆகிவிடும் என்பதால், 'கடல்' என்று அடித்தால் 'க்கடல்' என்று வந்து நிற்கும்.

அதனால் ஆர்ஜிபி (பல வண்ண) விளக்குக்குக் காசைக் கொட்டாமல், சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் கீபோர்டாகப் பாருங்கள். சாதாரண உயர சுவிட்ச் லோ-புரொஃபைல் கீபோர்டில் பொருந்தாது. லோ-புரொஃபைலிலேயே கைல் நிறுவனத்தின் சாக் சுவிட்ச் ஒரு வகை, கேட்டரான் நிறுவனத்தின் சுவிட்ச் வேறு வகை. அந்த வகைக்கு உதிரி சுவிட்ச் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஆப்டிகல் சுவிட்சே நம் பக்கத்துக்குச் சரி. ஒளியை வைத்து வேலை செய்வதால் அதில் அந்த உலோகத் தொடுதகடே கிடையாது.