கல்முனை பஸ் ஏன் நகருவதில்லை?

மட்டக்களப்பு–கல்முனை வீதிக்கும் பி.ஆர்.டி., அதாவது பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட்டு வேகமாக ஓட்டும் முறை, வேண்டும் என்று அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். கூடவே, நடு வீதியில் தனிப் பாதையில் போகும் நீளப் பஸ்ஸின் படம் ஒன்று. ஆசை நியாயமானதுதான். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஒரே வீதியை ஒட்டியே வரிசையாக ஊர்கள். ரயிலோ மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. பஸ்ஸுக்கென்றே அமைந்த கரை இது.

1974இல் பிரேசிலின் குரிடிபாவில் தொடங்கியது இந்த பி.ஆர்.டி. முறை. பஸ்ஸுக்கு மட்டும் ஒரு பாதை. காசை நிலையத்திலேயே கட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். மேடையும் பஸ் தரையும் ஒரே மட்டம் என்பதால் எல்லாக் கதவாலும் மளமளவென்று ஏறி இறங்கலாம்.

சரி, காத்தான்குடியில் அந்தப் பாதையை எங்கே போடுவது? நடுவில் பேரீச்ச மரங்கள், இரண்டு பக்கமும் கடைகள், கடை வாசலில் மோட்டார் சைக்கிள்கள். பேரீச்சையைப் பிடுங்கச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. டெல்லியில் 2008இல் பாதையைப் போட்டார்கள். கண்ட பஸ்ஸும் அதற்குள் நுழைந்தது, சிக்னல்களில் வரிசை நீண்டது, கார்க்காரர்கள் கத்தினார்கள். 2016இல் இடித்தே விட்டார்கள்.

எங்கள் பஸ் தாமதிப்பது ரிக்கட்டாலும் இல்லை. அதைக் கண்டக்டர் ஓடும் பஸ்ஸிலேயே கொடுத்துவிடுகிறார். கல்முனை பஸ் நிலையத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், பஸ் ஓரடி முன்னே வரும், பிறகு ஓரடி பின்னே போகும். கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவுவார். உள்ளே இருப்பவர்கள் வேர்த்துக் கொட்டுவார்கள். பின்னால் வரும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸின் சிவப்பு நிறம் கண்ணாடியில் தெரிந்ததோ இல்லையோ, அதே டிரைவருக்கு இறக்கை முளைத்துவிடும். பிறகு ஹோல்டில், அதாவது பஸ் தரிப்பிடத்தில், கை காட்டும் ஆச்சியை யார் பார்க்கிறார்கள்?

அவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. அன்றைய கலெக்ஷனில்தான் முதலாளியின் பங்கும், டீசலும், அவர்களின் கூலியும். கொலம்பியாவின் போகோட்டாவிலும் இதே கதைதான். ஒவ்வொரு தலைக்கும் பஸ்கள் அடித்துக்கொண்டன, அந்த ஊரார் அதைச் 'சல்லிக்காசுச் சண்டை' என்றே சொன்னார்கள். 2000ஆம் ஆண்டு டிரான்ஸ்மிலேனியோ என்ற பி.ஆர்.டி. அங்கே வந்தபோது பாதையோடு கணக்கும் மாறியது. பயணிகளின் காசு ஒரே பொதுக் கணக்குக்குப் போனது, பஸ் கம்பனிகளுக்கு ஓடிய கிலோமீற்றருக்குப் பணம். தலைக்காக அங்கே காத்து நிற்க வேண்டிய தேவை போய்விட்டது. இன்று அதிலும் நெரிசல் தாங்க முடியவில்லை என்று மக்கள் ஏசுகிறார்கள், அது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், எங்களுக்குத் தேவை அந்தக் கணக்குத்தான். மட்டக்களப்பு–கல்முனைத் துண்டில் தனியார் பஸ்ஸும் இ.போ.ச.வும் ஒரே நேர அட்டவணையில், ஒரே ரிக்கட்டில், கிலோமீற்றர் கணக்கில் ஓடட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிலோமீற்றருக்குக் காசு வந்தால், ஆள் நிற்கும் ஹோல்டைக்கூட நிறுத்தாமல் தாண்டிப் போகத் தோன்றும். அதனால் ஜி.பி.எஸ்.ஸும் வேண்டும், தாண்டிப் போனால் தண்டமும் வேண்டும். வெறும் பஸ் ஓடும் மத்தியான நேரத்து நட்டத்தை யார் தாங்குவது என்பதையும் பெர்மிட் வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் முதல் வாரத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்கள்.