புண்படுத்தியவரிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லையா?

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், "தேவனிடம் பாவத்தை அறிக்கையிட்டவர், தாம் புண்படுத்திய மனிதரிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, 1 யோவான் 1:9 அப்படித்தான் சொல்கிறது" என்றொரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. அந்த வசனம் தேவன் மன்னிப்பதைப் பற்றியது. பாதிக்கப்பட்டவரைத் தவிர்க்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. மாறாக, மத்தேயு 5:23-24இல், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகும்படி இயேசு கட்டளையிடுகிறார். எண்ணாகமம் 5:7 இன்னும் கறாரானது: குற்றத்தை அறிக்கையிடுவதோடு, ஈடுசெய்ய வேண்டிய முழுத் தொகையுடன் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னதை லூக்கா 19:8இல் காணலாம். பழைய காயத்தைக் கிளறுவது எதிரிலிருப்பவருக்கே தீங்காகும் என்று தோன்றினால், எப்போது, எப்படிப் பேசுவது என்று போதகரிடம் கேட்கலாம். அது வேறு கேள்வி. வீட்டிலுள்ள தமிழ் வேதாகமத்திலேயே இவ்வசனங்களைச் சரிபார்த்துக்கொண்டு, அந்தச் செய்தியை மேற்கொண்டு பகிராதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.