அரிப்பு நிற்கும்வரை தினமும் தடவக் கூடாது

சிரங்குப் (ஸ்கேபீஸ்) பூச்சியைக் கொல்லப் பூசும் மருந்தைப் பற்றி, "பெர்மெத்ரின் கிரீமை அரிக்கிற இடத்தில் மட்டும், அரிப்பு நிற்கும்வரை தினமும் தடவுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. சிரங்குப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக்கொண்டு இருக்கும், அரிக்காத இடத்திலும் இருக்கும், அதனால் 5% கிரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக ஓரம், தொப்புள் எதையும் விடாமல் தடவி 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவ வேண்டும். கைக்குழந்தைக்கு என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான். பூச்சி செத்த பிறகும் அதன் உடலும் கழிவும் தோலில் கிடப்பதால் 2 முதல் 4 வாரம் வரை அரிக்கலாம், அது ஒவ்வாமை. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசினால் தோல்தான் எரிந்து புண்ணாகும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் தடவாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும், இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம், பேனுக்கு இதே டியூப் கிடையாது. அதற்கு 1% பெர்மெத்ரின் லோஷன், 10 நிமிடத்தில் அலசிவிட வேண்டும், ஈர் (பேன் முட்டை) பொரிந்து வருவதால் 9ஆம் நாள் வாக்கில் மறுபடி ஒருமுறை.